ஒரே தேதியில் பிறந்தவரும் மறைந்தவரும்: இசைக்கலைஞர்களுக்கு ஒரு டைரி போடுவது எப்படி?

என் டைரியில் ஜனவரி 6-ம் தேதிப் பக்கம் இப்படி இருக்கிறது:

1847 – தியாகராஜர், திருவையாறு. மறைவு.
1910 – ஜி.என்.பாலசுப்ரமணியம். பிறப்பு.
1967 – ஏ.ஆர்.ரஹ்மான், சென்னை. பிறப்பு.
1993 – டிஸ்ஸி கில்லெஸ்பி, ஜாஸ் டிரம்பெட், அமெரிக்கா. மறைவு.

அப்படியே அக்டோபர் 21-க்குப் புரட்டினால்:

1835 – முத்துசுவாமி தீட்சிதர், எட்டயபுரம். மறைவு.
1912 – ஜார்ஜ் ஷோல்டி, இசைக்குழு நடத்துநர், புடாபெஸ்ட். பிறப்பு.
1917 – டிஸ்ஸி கில்லெஸ்பி. பிறப்பு.
1925 – சீலியா குரூஸ், பாடகி, ஹவானா. பிறப்பு.

கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்ப, வாய் மேல்நோக்கி வளைந்த டிரம்பெட்டை ஊதுவாரே, அந்தக் கில்லெஸ்பி தீட்சிதர் மறைந்த தேதியில் பிறந்து, தியாகராஜர் மறைந்த தேதியில் போயிருக்கிறார். இதை நான் தேடிப் பிடிக்கவில்லை. ஒரு கலைஞருக்கு இரண்டு பக்கம், ஒன்றில் பிறப்பு, ஒன்றில் மறைவு என்று எழுதிக்கொண்டே போனால் இப்படித் தானாக வந்து விழும். டெய்லி ஷீட் காலண்டரில் காலையில் தாள் கிழிக்கிற சுகம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் பிடித்துப்போகும். சொந்தமாக ஒன்று போட்டுக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. டைரியா, எக்செலா?

இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. படிப்பதற்கு டைரி, தேடுவதற்கு எக்செல்.

டைரி என்றால் நாளுக்கு ஒரு பக்கம் உள்ளது. போன வருட டைரியே போதும், பிப்ரவரியில் பாதி விலைக்குத் தருவார்கள். கிழமையைக் கண்டுகொள்ள வேண்டாம். லீப் வருட டைரி கிடைத்தால் விடாதீர்கள். பிப்ரவரி 29-க்கு ஒரு பக்கம் அவசியம்: இத்தாலிய ஓபரா மேதை ரொசீனி 1792-ல் அன்றுதான் பிறந்தார்.

எக்செலில் ஒரு சிக்கல் உண்டு. 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாகப் போட்டுவிடும். தியாகராஜரும் மோட்சார்ட்டும் வரிசையில் நிற்கவே மாட்டார்கள். அதனால் மாதம், நாள், வருடம் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வைத்து, வெறும் எண்ணாக எழுதுங்கள். அப்புறம் பெயர், 'பி' அல்லது 'ம', ஊர், தகவல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு உறுதி. முதலில் மாதம், பிறகு நாள், பிறகு வருடம் என்று அடுக்கினால் ஒரே தேதிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

மாதத்தை எண்ணில் எழுதுவதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் மெர்ல் ஹேகர்ட் பற்றி 4/6/1937 என்று எங்கோ பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். ஜூன் 4 காலையில் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஹேகர்ட் படத்தோடு பெரிய பதிவு ஒன்று போட்டேன். ஐந்து நிமிஷத்தில் மாமா ஒருவர் கேட்டார்: "இன்னிக்கு எஸ்.பி.பி. பிறந்தநாள். இது யாருப்பா தொப்பி போட்டுக்கிட்டு?" அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். ஹேகர்ட் பிறந்தது ஏப்ரல் 6. நம் வழக்கப்படி 4/6 எஸ்.பி.பி.யுடையது. அன்றிலிருந்து குறிப்பெடுக்கும்போது மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன்.

2. யாரையெல்லாம் சேர்ப்பது?

முதலில் நூறு பேர் போதும். உங்களுக்குப் பாட்டு தெரிந்தவர்களாக இருக்கட்டும். ஒரு பாட்டுகூடக் கேட்டிராத பெயரைச் சேர்த்தால் அந்தப் பக்கம் ஊமையாகத்தான் கிடக்கும்.

கவிஞர்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வரும். நான் சேர்க்கிறேன். கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, சிறுகூடல்பட்டியில். மறு வருடம் அதே ஜூன் 24-ல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எம்.எஸ்.விஸ்வநாதன். கவிஞரை வாசலில் நிறுத்திவிட்டு எம்.எஸ்.வி.யை மட்டும் உள்ளே விட எனக்கு மனசு வரவில்லை.

3. தேதியைச் சரிபார்ப்பது

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். இரண்டு பேர் ஒரே நாளில் வருவதைக் கண்டுபிடிக்க எக்செலுக்கு ஒரு நொடி போதும். அந்த நாள் சரியான நாள்தானா என்று பார்க்க உங்களுக்கு ஒரு வாரம் ஆகலாம்.

முதலில், அந்தத் தேதி எதைப் பற்றியது? பீத்தோவனுக்கு 1770 டிசம்பர் 17 என்று பார்ப்பீர்கள். அது பான் நகரத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்த நாள். பிறந்த நாளுக்குப் பதிவே இல்லை, முந்தைய நாளாக இருக்கலாம் என்று டிசம்பர் 16-ஐ வைத்துக்கொள்கிறார்கள். போலந்து இசையமைப்பாளர் ஷோபன் கதை வேறு. பதிவேட்டில் 1810 பிப்ரவரி 22, குடும்பத்தில் கொண்டாடியது மார்ச் 1. லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுக்கத் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே சொன்னார். அமெரிக்காவின் சுதந்திர தினம், புது நூற்றாண்டின் வாசல், கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அவர் 1971-ல் காலமாகிப் பல வருடம் கழித்து, நியூ ஆர்லியன்ஸ் தேவாலயப் பதிவேட்டில் உண்மைத் தேதி கிடைத்தது: 1901 ஆகஸ்ட் 4. அதற்கும் துணைக்கு ஆள் இருக்கிறது. 1929 ஆகஸ்ட் 4-ல் பிறந்தவர் கிஷோர் குமார்.

நம் ஊரில் இது புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியோடு வாழ்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. விரும்பி மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஜூன் 3 கருணாநிதி பிறந்தநாள் என்பதால் இளையராஜா தன் பிறந்தநாளை ஜூன் 2-க்கு நகர்த்திக்கொண்டார். இப்படி வந்தால் நான் அவர்கள் கொண்டாடும் தேதியில் எழுதி, மற்றப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போடுவேன்.

அடுத்து, எந்த நாள்காட்டி? ஐரோப்பாவில் பழைய ஜூலியன் நாள்காட்டியை விட்டு இப்போதைய கிரிகோரியனுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு சமயத்தில் மாறியது. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-ல், இங்கிலாந்து 1752-ல், ரஷ்யா 1918-ல். பழைய தேதியைப் புதியதாக்க, 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்டுங்கள், அடுத்த நூறு வருடத்துக்கு 11, 1800-களுக்கு 12, அதற்குப் பிறகு 13. ஜெ.எஸ்.பாக் 1685 மார்ச் 21-ல் பிறந்தார் என்பது பழைய கணக்கு. புதிய கணக்கில் மார்ச் 31. மார்ச் 21 பக்கத்தில் வைத்தால் பிஸ்மில்லா கான் (1916) கூட இருப்பார், மார்ச் 31-ல் வைத்தால் ஹைடன் (1732). எப்படியும் பாக் தனியாக இருக்கப்போவதில்லை.

இதில் ஸ்ட்ராவின்ஸ்கியின் கூத்துதான் எனக்குப் பிடித்தது. 1882-ல் ரஷ்யாவில் பழைய கணக்கில் ஜூன் 5-ல் பிறந்தார். 12 கூட்டினால் ஜூன் 17. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் வித்தியாசம் 13 நாள் ஆகிவிட்டதே என்று அவர் ஜூன் 18-ல் கொண்டாடினார். பிறந்த நூற்றாண்டுக்கான வித்தியாசத்தைத்தான் கூட்ட வேண்டும், அதனால் அவருக்கு ஜூன் 17 பக்கம்.

கர்நாடக இசைக்காரர்களுக்கு வந்தால் திதி, நட்சத்திரம், தமிழ் வருடம் என்று இன்னொரு அடுக்கு. தியாகராஜர் மறைந்தது பராபவ வருடம், புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதி. ஆராதனை அந்தத் திதியில்தான் நடக்கும், ஆகவே ஆங்கிலத் தேதி வருடா வருடம் ஓடும். 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18. சுமார் 19 வருடத்துக்கு ஒருமுறை திதியும் தேதியும் பழைய இடத்துக்குத் திரும்பும். 1847-லிருந்து ஒன்பது சுற்று, அதாவது 171 வருடம் கழித்து, 2018-ல் ஆராதனை சரியாக ஜனவரி 6-லேயே வந்தது. திருவையாற்றில் பஞ்சரத்னம் பாடிய அன்றைக்கே ரஹ்மானுக்கும் பிறந்தநாள். டைரிக்கு ஆங்கிலத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் திதியை எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான்.

தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதையும் மறக்கக் கூடாது. தீட்சிதர் மன்மத வருடம் பங்குனியில் பிறந்தார். மன்மத வருடம் 1775 ஏப்ரலில் தொடங்கியது என்பதால் பலர் 1775 மார்ச் 24 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வருடத்துப் பங்குனி வருவதோ 1776 மார்ச்சில். அந்த மார்ச் 24 பக்கத்திலேயே, 1922-ல் மதுரையில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனும் இருக்கிறார்.

பிறகு, நாள் எப்போது தொடங்குகிறது? நள்ளிரவில் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து. பாரதியார் 1921-ல் திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் விட்டது செப்டம்பர் 11 இரவு தாண்டி, நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றரை மணி வாக்கில். மாநகராட்சிக் கணக்கில் 12, நம் வழக்கில் 11. இரண்டு தேதியும் இன்றுவரை புழங்குகின்றன. இத்தாலியில் வெர்டிக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 1813 அக்டோபர் 11-ல் எழுதிய ஞானஸ்நானப் பதிவு 'நேற்றுப் பிறந்தது' என்கிறது. அந்தப் பகுதியில் நாளைச் சூரியன் மறைவிலிருந்து எண்ணும் வழக்கம் இருந்ததால், நேற்று என்பது 9-ஆகவும் இருக்கலாம், 10-ஆகவும் இருக்கலாம். வெர்டி அம்மா சொன்ன 9-ம் தேதியையே கொண்டாடினார்.

கடைசியாக ஒன்று. சில மறைவுத் தேதிகள் மருத்துவர்களின் கணிப்பு மட்டுமே. சியாட்டில் நகரத்து ராக் பாடகர்கள் குர்ட் கோபேன் (1994), லேன் ஸ்டேலி (2002) இருவருக்கும் ஏப்ரல் 5 என்று எழுதியிருக்கும். எட்டு வருட இடைவெளியில் ஒரே தேதி என்று பலரும் சிலிர்ப்பார்கள். கோபேன் உடல் கண்டெடுக்கப்பட்டது ஏப்ரல் 8-ல், ஸ்டேலியின் உடல் ஏப்ரல் 19-ல். இரண்டு பக்கமும் கணிப்பாக இருக்கும்போது பொருத்தத்தை இறுக்கிப் பிடித்துப் பயனில்லை.

இதனால்தான் நான் உறுதியானதைப் பேனாவிலும் சந்தேகமானதைப் பென்சிலிலும் எழுதுகிறேன். என் டைரியில் பென்சில் எழுத்து நிறைய.

4. பொருத்தங்களைப் பிரித்துப் பாருங்கள்

பெயர்கள் ஏறிய பிறகு, ஒரே பக்கத்தில் இருப்பவர்களுக்குள் என்ன உறவு என்று பாருங்கள். எல்லாப் பொருத்தமும் ஒரே எடை அல்ல.

பிறப்பும் பிறப்பும் சேர்வது சாதாரணம். பிராம்ஸ், சைகோவ்ஸ்கி இருவருக்கும் மே 7 (1833, 1840). ஒருவர் இசை மற்றவருக்குப் பிடிக்காது, ஆனால் 1888 புத்தாண்டு அன்று லைப்சிக்கில் ஒரே வீட்டில் சந்தித்துக்கொண்டார்கள். மறைவும் மறைவும் சேர்வதற்கு ஆகஸ்ட் 16 நல்ல உதாரணம்: ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் (1938), எல்விஸ் பிரெஸ்லி (1977), அரீத்தா ஃபிராங்க்ளின் (2018).

ஒரே ஆள் பிறந்த தேதியிலேயே போவதும் உண்டு. ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே 1897 மே 14-ல் பிறந்து 1959 மே 14-ல் மறைந்தார். நான் சொதப்பிய அதே மெர்ல் ஹேகர்ட் 2016-ல் தன் 79-வது பிறந்தநாளில் போனார். பிறந்தநாள் அன்றே போய்விடுவேன் என்று ஒரு வாரம் முன்பே அப்பா சொன்னதாக மகன் பிறகு சொன்னார்.

தேதியோடு வருடமும் சேர்ந்தால் கதை வேறு மாதிரி ஆகும். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் மாஸ்கோவில் மறைந்தது 1953 மார்ச் 5. அன்றுதான் ஸ்டாலினும் இறந்தார். செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் வீடு, தெரு முழுக்க ஸ்டாலினைப் பார்க்க வந்த கூட்டம். மூன்று நாள் புரோகோஃபியெவ் உடலை வெளியே எடுத்துப் போக முடியவில்லை. இதில் அதிசயம் தேட வேண்டியதில்லை, தேதியே அந்த மனிதரின் கடைசிப் பயணத்தை மறித்து நின்றிருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த இருவரும் வாழ்வில் ஒருவரை ஒருவர் தொட்டிருக்கும் பொருத்தங்கள். கிஷோர் குமார் 1987 அக்டோபர் 13-ல் காலமானார், அது அண்ணன் அசோக் குமாரின் பிறந்தநாள். 2022 பிப்ரவரி 6-ல் லதா மங்கேஷ்கர் மறைந்தார். அவர் 1963 ஜனவரி 27-ல் டெல்லியில் நேரு முன்னால் பாடிய 'ஏ மேரே வதன் கே லோகோ' பாட்டை எழுதிய கவி பிரதீப் பிறந்தது 1915 பிப்ரவரி 6. அதே பக்கத்தில் சியாமா சாஸ்திரி மறைவும் (1827), பாப் மார்லி பிறப்பும் (1945) உண்டு. அவை சும்மா பக்கத்து வீட்டுக்காரர்கள். லதாவும் பிரதீப்பும் அப்படி அல்ல. நான் இப்படிப்பட்ட ஜோடிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போடுவேன். மொத்த டைரியிலும் பத்துக் கோடு தேறாது.

இன்னொரு வகை, நாளுக்கே இசையோடு தொடர்பு இருப்பது. நவம்பர் 22 கிறிஸ்தவ மரபில் இசைக்கலைஞர்களின் காவலரான புனித செசிலியாவின் திருநாள். அன்று பிறந்தவர்கள் ஸ்பெயினின் ரோட்ரிகோ (1901), இங்கிலாந்தின் பிரிட்டன் (1913). மறைந்தவர்கள் ஆர்தர் சல்லிவன் (1900), நம் பாலமுரளிகிருஷ்ணா (2016). செசிலியாவுக்கென்று வாழ்த்துப் பாட்டுகள் அமைத்த பர்செல், 1695-ல் அதற்கு முந்தின நாள் போய்விட்டார்.

5. சிலிர்ப்பதற்கு முன் ஒரு கணக்கு

23 பேர் ஒரு அறையில் இருந்தால், இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. உங்கள் டைரியில் நூறு பேர், ஆளுக்கு இரண்டு தேதி, மொத்தம் இருநூறு. சமமாகத் தூவினால் சுமார் 38 பக்கங்களில் இரண்டோ அதற்கு மேலோ பெயர் விழும், 210 பக்கம் போல வெறுமையாகக் கிடக்கும். நூற்றில் யாராவது ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் மறைந்த தேதி மற்றவர்களில் ஒருவரின் பிறந்தநாளாக இருக்க ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு. பிறந்த தேதியிலேயே மறைபவர் 365-க்கு ஒருவர் என்று வைத்தால், ஆயிரம் கலைஞர்களில் இரண்டு மூன்று பேர் அப்படி இருக்கத்தான் வேண்டும்.

ஆக, 'இது வெறும் தற்செயலா?' என்று யாராவது கண்ணை விரித்துக் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடலாம். 27 வயதில் இறந்தவர்கள், 13-ம் தேதிக்குப் பயந்தவர்கள் என்று மாலை கோக்கிற சமாச்சாரங்களுக்கு என் டைரியில் இடம் இல்லை. கில்லெஸ்பிக்கும் நம் மும்மூர்த்திகளில் இருவருக்கும் தேதியைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த அக்டோபர் 21 காலையில் தீட்சிதர் கீர்த்தனை ஒன்று கேட்ட கையோடு கில்லெஸ்பியைப் போட்டேன். டைரி இல்லாமல் அந்த வரிசையில் நான் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டேன்.

6. ஒரு பக்கத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

டிசம்பர் 11-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் எக்செலில் மாதம் 12, நாள் 11 என்று வடிகட்டினால் எனக்கு வருவது:

1803 – பெர்லியோஸ், பிரான்ஸ். பிறப்பு.
1882 – பாரதியார், எட்டயபுரம். பிறப்பு.
1964 – சாம் குக், அமெரிக்க சோல் பாடகர். மறைவு.
2004 – எம்.எஸ்.சுப்புலட்சுமி, சென்னை. மறைவு.
2012 – சிதார் கலைஞர் ரவிசங்கர், கலிஃபோர்னியா. மறைவு.

சரிபார்ப்போம். பெர்லியோஸ் பிறந்தபோது பிரான்ஸில் புரட்சிக்கால நாள்காட்டி நடப்பில் இருந்தது, ஆனால் 1803 டிசம்பர் 11 என்ற மாற்றத்தில் சர்ச்சை இல்லை. பேனா. பாரதி, சாம் குக், எம்.எஸ். மூவரும் பேனா. ரவிசங்கரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். சான் டியாகோவில் அவர் மறைந்தபோது உள்ளூர் நேரம் மாலை நாலரை. நமக்கும் அந்தக் கரைக்கும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே அப்போது டிசம்பர் 12 காலை ஆறு மணி. நம்மில் பலருக்கு அது 12-ம் தேதிச் செய்தியாகத்தான் நினைவில் இருக்கும். மறைந்த ஊரின் நேரம்தான் கணக்கு என்பது என் விதி, ஆகவே அவர் 11-லேயே இருக்கிறார்.

உறவு பார்ப்போம். பாரதியும் எம்.எஸ்.ஸும். தன் பாட்டுகள் பலவற்றுக்கு ராகம் குறித்து வைத்தவர் அவர், அவர் பாட்டை மேடையில் பாடியவர் இவர். சிவப்புக் கோடு. எட்டயபுரம் என்று பாரதி பக்கத்தில் எழுதியதும் அக்டோபர் 21-ல் தீட்சிதருக்கும் அதே ஊரை எழுதியது ஞாபகம் வரும். ஓரத்தில் 'அக். 21 பார்க்க' என்று ஒரு வரி.

பக்கத்தில் இன்னும் பாதி இடம் இருக்கும். இருக்கட்டும், ஆட்கள் வருவார்கள். இனி அடுத்த தாளைத் திருப்பி, டிசம்பர் 12-ல் 1915-ல் பிறந்த ஃபிராங்க் சினாட்ராவுக்குக் கீழே பென்சிலில் எழுத வேண்டும்: 'ரவிசங்கர், இந்திய நேரப்படி. முந்தைய பக்கம் பார்க்க.'